குவியலுக்குள் நீர் செல்லும் வழி

குறைந்த தரமுள்ள தாதுவை நொறுக்கி, கசிவு புகாத அடிவிரிப்பின் மேல் குவித்து, உச்சியிலிருந்து நீர்த்த கரைசலைச் சொட்டுக் குழாய்களால் மாதக்கணக்கில் இறக்கி, உலோகம் கரைந்த நீரை அடியில் சேகரிக்கும் குவியல் வேதிக்கழுவுதல், தங்கத்திற்குச் சயனைடையும் செம்பிற்குக் கந்தக அமிலத்தையும் கொண்டு அரை நூற்றாண்டாக நடைபெற்று வருகிறது. இத்துறையில் இன்று முன்னேற்றம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி சால்கோபைரைட் என்னும் ஒரே கனிமத்தைப் பற்றியது.

ஆக்சைடுச் செம்புத் தாதுக்கள் அமிலத்தில் எளிதில் கரைகின்றன. சால்கோசைட் போன்ற இரண்டாம் நிலைச் சல்ஃபைடுகளும், ஃபெர்ரஸ் இரும்பை ஃபெர்ரிக் இரும்பாக்கும் நுண்ணுயிர்களின் துணையால் கரைந்துவிடுகின்றன. உலகச் செம்பு வளத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தாங்கி நிற்கும் சால்கோபைரைட்டோ, கரையத் தொடங்கிய சிறிது காலத்திலேயே தன் பரப்பின் மேல் மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொண்டு வினையை முடக்கிவிடுகிறது. அப்படலம் தனிமக் கந்தகமா, பல்சல்ஃபைடா, ஜரோசைட்டா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் அதைத் தாண்டிச் செல்ல, சிலியின் சுரங்கங்களில் குளோரைடு சேர்த்த கரைசல்களும், 60 பாகை செல்சியசுக்கு மேல் தழைக்கும் வெப்பவிரும்பி நுண்ணுயிர்களும், படலம் இறுகாமல் காக்கும் கரிம வினையூக்கிகளும் களத்திற்கு வந்துள்ளன. இவை உண்மையான வெற்றிகள். கைவிடப்பட்ட கழிவுத் தாதுவைச் செம்பின் மூலமாக மாற்றக்கூடியவை என்பதால் இவற்றின் அருமையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை.

எனினும் இத்துறையின் பழைய பாய்ச்சல்கள் எங்கிருந்து வந்தன என்பதை நினைவுகூர்வது தகும். 1968இல் அரிசோனாவின் ப்ளூபேர்ட் சுரங்கம் கரைப்பானால் செம்பைப் பிரித்து மின்னாற்பகுப்பால் படியவைக்கும் முறையை வணிக அளவில் நிறுவியது வேதியியலின் வெற்றி. ஆனால் களிமண் மிகுந்த தங்கத் தாதுக்களை 1970களில் மீட்டெடுத்தது, அமெரிக்கச் சுரங்கப் பணியகம் வகுத்த உருண்டையாக்கல் என்னும் எளிய செயல்: டன்னுக்குச் சில கிலோ சிமெண்டையும் நீரையும் கலந்து நுண்தூளைப் பெரிய துகள்களோடு ஒட்டவைத்தால், தூள் இடைவெளிகளை அடைப்பதில்லை, கரைசல் குவியல் முழுதும் இறங்குகிறது. 1980இல் சிலியின் லோ அகீர்ரே சுரங்கம் சிமெண்டுக்கு மாறாக அடர் கந்தக அமிலத்தைக் கொண்டு இதே செயலைச் செம்பிற்குச் செய்தது. இவ்விரு இடங்களிலும் திறவுகோல் நீர் செல்லும் வழியில்தான் இருந்தது.

ஆய்வகத் தூணில் சில மீட்டர் உயரத் தாது தன் எடையை மட்டுமே தாங்குகிறது; களத்திலோ அடுக்கின் மேல் அடுக்காக ஏறும் குவியலின் அடிப்பகுதி பெருஞ்சுமையில் நசுங்கி, அமிலத்தில் தன் ஒட்டுத்திறனை இழந்து, ஊடுருவலைப் படிப்படியாகக் கைவிடுகிறது. அப்போது கரைசல் சில ஓடைகளில் மட்டும் விரைந்து இறங்க, அருகிலுள்ள தாது நனையாமலே கிடக்கிறது. காற்றும் அங்கே எட்டாததால் நுண்ணுயிர்கள் மடிகின்றன. எந்த வினையூக்கியும் தான் சென்று சேராத துகளைக் கரைக்க இயலாது.

ஃபின்லாந்தின் சோட்காமோவில் 2008இல் தொடங்கிய நிக்கல் குவியல்கள், பைரைட்டும் பிர்ரோடைட்டும் ஆக்சிஜனேற்றமடையும்போது வெளிவிடும் வெப்பத்தாலேயே உறைபனிக் காலத்திலும் தாக்குப்பிடித்தன. அந்தச் சாதனை பாராட்டுக்குரியது. ஆனால் அச்சுரங்கத்தை நெருக்கியது வேதியியல் மட்டுமன்று, தேங்கிய மிகைநீரும்தான். 2012 நவம்பரில் அதன் ஜிப்சக் குளம் கசிந்து சுற்றுப்புற நீர்நிலைகளைக் கெடுத்தது.

நீரின் வழியே குவியலின் உறுதியையும் தீர்மானிக்கிறது. துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் உயர்ந்தால் துகள்களிடையே உராய்வு குறைந்து சரிவு நகர்கிறது என்பது மண்ணியக்கவியலின் பழைய பாடம். 2024 பிப்ரவரி 13 அன்று துருக்கியின் சோப்லர் தங்கச் சுரங்கத்தில் குவியல் சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூன் 24 அன்று கனடாவின் யூக்கான் பகுதியில் ஈகிள் சுரங்கக் குவியலும் சரிந்தது. இவற்றைத் தாது பிரிப்போர் தம் துறைக்குப் புறம்பான கட்டுமானச் செய்தியாக ஒதுக்குவது பெரும் பிழை, ஏனெனில் சொட்டும் வேகத்தையும் அடுக்கின் உயரத்தையும் உருண்டையின் வலிமையையும் முடிவு செய்பவர்கள் அவர்களே.

ஆகவே இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் மீட்பு விழுக்காட்டோடு, களச்சுமையின் கீழ் அளந்த ஊடுருவல், உருண்டைகளின் ஈரநிலை வலிமை, குவியலின் நீர் நிறைவு அளவு ஆகிய மூன்றும் இனி இடம்பெற வேண்டுமென ஆசிரியர் குழு கேட்டுக்கொள்கிறது. தோல்வியுற்ற குவியல்களின் தரவுகளும் வெற்றி பெற்றவற்றின் தரவுகளுக்கு இணையாக வரவேற்கப்படும்.