கண்ணீர்க் கடலில் தண்ணீர் இல்லை

போன மாசம் எங்க தாத்தா இறந்துட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவஞ்சலி எழுதிக் கொடுன்னு மாமா கேட்டார். நான்தான் வீட்டுல "தமிழ் நல்லா எழுதுறவன்" ஆச்சே! பத்தே நிமிஷம். ஆலமரம் சாய்ந்தது, கண்ணீர்க் கடல், ஈடு செய்ய முடியாத இழப்பு, கடைசியில மூணு ஆச்சரியக்குறி. அம்மா படிச்சுட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாருக்குடா எழுதினது?"ன்னு கேட்டாங்க.

சுருக்குன்னு இருந்துச்சு. பேரை மட்டும் மாத்தினா அதை எந்தத் தெருச் சுவர்லயும் ஒட்டலாம்.

நாம எழுதுறது பெரும்பாலும் இப்படித்தான் மக்களே. பள்ளிக்கூடத்துல பொங்கலைப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. ஆனா எங்க வீட்டுப் பொங்கலை யாரும் கேட்கலை. கைடுல இருந்த பொங்கலைத்தான் கேட்டாங்க. முன்னுரை, உட்தலைப்பு, ரெண்டு மேற்கோள், முடிவுரை. மார்க்கும் வந்துச்சு. அந்தப் பழக்கத்துலயே சாவுக்கும் எழுதுறோம், காதலுக்கும் எழுதுறோம்.

"சொந்தக் கதையை எழுதினா மத்தவனுக்கு எப்படிப் புரியும்? பொதுவா எழுது"ன்னு சிலர் சொல்வாங்க. சுத்தப் பொய். புறநானூறு 112-ஐ எடுத்துப் பாருங்க. பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டு, பாரி இறந்த பிறகு அவர் மகள்கள் பாடினது. மொத்தமே அஞ்சு அடி. அழுகை, கண்ணீர், துயரம்னு ஒரு சொல்கூட அதுல கிடையாது. போன மாச நிலவுல அப்பா இருந்தார், மலையும் இருந்துச்சு. இந்த மாச நிலவுல ரெண்டும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அது அவங்க அப்பா, அவங்க மலை. ஏறக்குறைய 2,000 வருஷம் கழிச்சும் நமக்குத் தொண்டை அடைக்குதே, எப்படி?

உணர்ச்சியா எழுதுறதுன்னா உணர்ச்சியோட பேரை எழுதுறது இல்லை. நடந்ததை மறைக்காம எழுதுறது. அதுதான் கஷ்டம், ஏன்னா அதுல நாமளும் மாட்டிக்குவோம்.

அன்னிக்கு ராத்திரி மறுபடி எழுதினேன். தாத்தாவோட கண்ணாடியில ஒரு காது உடைஞ்சு போச்சு. ரெண்டு வருஷமா நூல் கட்டித்தான் மாட்டிக்கிட்டு இருந்தார். ஸ்காலர்ஷிப் பணம் வந்ததும் புதுசு வாங்கித் தர்றேன்னு சொன்னேன். பணம் வந்துச்சு. நான் ஹெட்போன் வாங்கினேன். அவர் அதைப் பத்திக் கேட்கவே இல்லை.

மாமா படிச்சுட்டு, "இதையெல்லாமாடா அச்சடிக்கிறது?"ன்னு கேட்டார். கடைசியில கண்ணீர்க் கடல்தான் அச்சாச்சு. வந்தவங்க எல்லாரும் பிரமாதம்னு பாராட்டினாங்க.

ரெண்டாவதை அம்மா மடிச்சு பீரோவுல வச்சிருக்காங்க.