நிறை இறங்காமல் நிற்கும்போது



பட்டினி என்றால் என்னவென்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நம்மில் பலர் இல்லை. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். உங்களுக்கு, விரும்பி உணவைக் குறைப்பதைப் பற்றி எழுதுவது பொருத்தமா என்று சிலர் கேட்கக்கூடும். பொருத்தம் என்றே நான் கருதுகிறேன். அன்று கஞ்சி குடித்து உயிர் தப்பிய பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள், பளு தூக்குகிறார்கள், உடற்கட்டழகுப் போட்டி மேடையில் ஏறவும் ஆசைப்படுகிறார்கள். அது அவர்களின் உரிமை.

நான் பணியாற்றும் மகளிர் குழுவில் உள்ள ஒரு தாயின் மகள் அப்படித்தான் போட்டிக்குத் தயாராகி வந்தாள். வயது இருபத்தாறு. முதல் இரண்டு மாதம் நிறை ஒழுங்காக இறங்கியது. பின்பு மூன்று கிழமையாகத் தராசு அசையவில்லை. பிள்ளை இராச்சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். “சோறு இல்லாமல் இவளைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடினனான். இப்ப சோறு இருக்க இவள் சாப்பிடாமல் கிடக்கிறாள்” என்று தாய் அழுதார். “அம்மாவுக்கு இது விளங்காது அக்கா” என்றாள் மகள்.

உண்மையில் அம்மாவுக்குத்தான் இது நன்றாக விளங்க வேண்டும். தாய் அனுபவித்த பட்டினியிலும் மகள் தேடிக்கொண்ட பட்டினியிலும் உடலுக்குள் நடப்பது ஒன்றுதான்.

இதை விரிவாக ஆராய்ந்ததும் ஒரு போரின் காரணமாகவே. இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு மீண்டும் எப்படி உணவு கொடுப்பது என்று அறிவதற்காக, 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு, 24 கிழமைகள் வழமையான உணவின் பாதியளவே, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி கொடுக்கப்பட்டது. அவர்களின் நிறையில் ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. ஓய்வாக இருக்கையில் உடல் செலவழிக்கும் சக்தியோ ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. குளிர் தாங்க முடியவில்லை. கால்கள் வீங்கின. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். மனம் சோர்ந்து எரிச்சலுற்றார்கள். முகாமில் இருந்த எங்களில் பலருக்கு இது புதிய செய்தி அல்ல.

உணவு குறைந்ததும் உடல் சிக்கனக்காரியாகிவிடுகிறது. கொழுப்பு குறையக் குறைய லெப்ரின் என்னும் ஓமோன் குறைந்து பசி கூடுகிறது. தைரொயிட் ஓமோனும் குறைகிறது. நமக்குத் தெரியாமலே நடை குறைகிறது. எழுந்து செய்யும் வேலையை இருந்தே செய்கிறோம். இவை போக, 60 கிலோ உடலை விட 54 கிலோ உடலுக்குத் தேவையான சக்தியும் குறைவு. தொடக்கத்தில் நிறையை இறக்கிய அதே சாப்பாடு, இப்போது நிறையை நிலையாக வைத்திருக்கும் சாப்பாடாகிவிடுகிறது. இது பிள்ளையின் சோம்பலும் அல்ல, மனவுறுதிக் குறைவும் அல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, நிறை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும், உப்புக் கூடிய சாப்பாட்டுக்குப் பின்னும், நித்திரையில்லாத போதும், கடும் பயிற்சியின் பின்னும் உடலில் நீர் தேங்கும். அந்த நீர், குறைந்த கொழுப்பைத் தராசில் மறைத்துவிடும். ஆகவே காலையில் மலசலம் கழித்தபின் நிறுத்து எழுதி, ஏழு நாளின் சராசரியை எடுங்கள். இந்த மாதத்தின் கிழமையைப் போன மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிடுங்கள். தையல் நாடாவால் இடுப்பையும் அளவுங்கள். இடுப்பு குறைந்திருந்தால் கொழுப்பு குறைகிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, சாப்பாட்டை ஒரு கிழமைக்கு ஒளிக்காமல் எழுதுங்கள். சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்காமல் சாப்பிடுவது, எல்லாம் கணக்கில் வரும். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட தேநீர் நாளுக்கு ஐந்து முறை குடித்தால், சீனியில் மட்டும் ஏறத்தாழ 160 கலோரி.

மூன்றாவது, குறைப்பதானால் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரு நாளைக்கு 100 முதல் 150 கலோரி போதும். அது ஒரு சிறு கிண்ணம் சோறு. அல்லது சாப்பாட்டை அப்படியே விட்டு, அரை மணி நேரம் கூடுதலாக நடக்கலாம். போட்டிக்குத் தயாராகிறவர் கிழமைக்கு உடல் நிறையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இறக்குவதே பாதுகாப்பு. 55 கிலோ உள்ளவருக்கு அது 275 முதல் 550 கிராம். இதை விட வேகமாக இறக்கினால் தசையும் சேர்ந்து போகும். தசையைக் காட்டத்தானே போட்டி!

நான்காவது, புரதத்தைக் குறைக்காதீர்கள். பளுப்பயிற்சி செய்து கொண்டு உணவைக் குறைப்பவருக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் புரதம் நல்லது. விலை கூடிய டப்பா மாவை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. உலர்ந்த சோயா மீற் 50 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. மீன், பருப்பு, பயறு, கடலை எல்லாம் நம் குசினியில் உள்ளவைதான். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஐந்தாவது, பல கிழமைகள் குறைத்தபின் ஓர் இடைவேளை எடுங்கள். ஒன்று அல்லது இரண்டு கிழமை, நிறை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் அளவுக்குச் சாப்பிடுங்கள். இதனால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பளுப்பயிற்சி செய்யும் ஆண்களையும் பெண்களையும் கொண்டு அவுஸ்திரேலியாவில் செய்து 2021இல் வெளியான ஆய்வில், இடைவேளை எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே அளவு கொழுப்பையே இழந்தார்கள். ஆனால் இடைவேளை எடுத்தவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது. பசியோடு போராடும் பெண்ணுக்கு அதுவே பெரிய உதவி.

இனி, செய்யக் கூடாதவை. தண்ணீரை நிறுத்துவது, சிறுநீர் போக மாத்திரை எடுப்பது, தைரொயிட் நோயாளியின் மாத்திரையை வாங்கிப் போடுவது, பெயர் தெரியாத கொழுப்புக் கரைப்பான் குளிகை விழுங்குவது, இவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நீர் வற்றினால் இதயத் துடிப்பே குழம்பும். உலக மட்டத்தில் போட்டியிட்ட மொஹமட் பெனஸிஸா 1992இல் ஒல்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்துபோனதை இந்தத் துறையில் உள்ளவர்கள் இன்றும் எச்சரிக்கையாகச் சொல்வார்கள்.

பெண்ணுடலுக்கு இன்னோர் அளவுகோலும் உண்டு. பின்லாந்தில் போட்டிக்குத் தயாரான 27 பெண்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில், லெப்ரின், தைரொயிட், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஓமோன்கள் குறைந்தமையும் மாதவிடாய் குழம்பியமையும் காணப்பட்டது. போட்டி முடிந்து மூன்று நான்கு மாதம் நன்றாகச் சாப்பிட்டபின் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பின. சில முழுமையாகத் திரும்பவில்லை. மேடையில் காணும் உடல் சில நாட்களுக்கானது. ஆண்டு முழுவதும் அப்படி இருக்க முயல்வது என்பைத் தேய்க்கும். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், தலைசுற்று, மயக்கம், முடி கொட்டுதல் இருந்தால், போட்டியைத் தள்ளிவைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். பாலூட்டும் தாய்மாரும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் தாமாக உணவைக் குறைக்க வேண்டாம். உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் பளு தூக்கத் தொடங்கமுன் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் “சாப்பிடு, சாப்பிடு” என்று சண்டை பிடித்தால் பிள்ளை ஒளித்துப் பட்டினி கிடக்கும். அதை விட, அவளுடைய முட்டையையும் மீனையும் நேரத்துக்கு எடுத்து வையுங்கள். “இந்த மாதம் சுகமில்லாமல் வந்ததா?” என்று கேளுங்கள். கஞ்சி குடித்த நாட்களில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது, மாதவிடாய் எப்படி நின்றது என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். பயிற்றுநர் சொல்லாத பாடம் அதில் இருக்கிறது.

மகள்மாரே, தராசு நிற்கும் நாளில் உங்கள் உடலை எதிரியாக எண்ணாதீர்கள். வீட்டில் எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்பதுதான் நல்ல பெண்ணுக்கு அடையாளம் என்று நம் சமூகம் நீண்ட காலம் சொல்லித் தந்தது. நிறை நின்றதும் இன்னும் குறைக்க வேண்டும் என்று தோன்றுவதில் அந்தப் பழக்கமும் கலந்திருக்கலாம். அளந்து சாப்பிடுங்கள், ஆனால் சாப்பிடுங்கள். அடுத்த போட்டி அடுத்த ஆண்டும் வரும்.