கணக்கில் வராத எட்டு ஓவர்

“பஜ்ஜிய எறக்கியிருக்கணும் மச்சான்.” சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடி, பேச்சு 2019 ஐபிஎல் இறுதிப்போட்டிப் பக்கம் திரும்பினால் இந்த வாக்கியம் வராமல் போகாது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவானாலும் சரி, புதூர்நாட்டு பஸ் நிறுத்தமானாலும் சரி. கடைசி இரண்டு பந்துகளில் நான்கு ரன் தேவை. களத்துக்குள் வந்தவர் ஷர்துல் தாக்கூர். முதல் பந்தில் இரண்டு ரன் எடுத்தார். அடுத்த பந்து லசித் மலிங்கா வீசிய மெதுவான யார்க்கர். எல்.பி.டபிள்யூ. மும்பை இந்தியன்ஸ் 149, சென்னை 148. ஒரு ரன்னில் கோப்பை போனது.

‘பஜ்ஜி’ என்று ரசிகர்கள் அழைக்கும் ஹர்பஜன் சிங்கை முன்னால் அனுப்பியிருந்தால் என்ற கேள்வி வெறும் ஆற்றாமையில் பிறந்ததல்ல. 2008 முதல் 2017 வரை மும்பை அணிக்காக ஆடியவர் அவர். அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் மலிங்காவும் அதே அணியில் இருந்தார். வலைப்பயிற்சியில் அந்தக் கையைப் பார்த்துப் பழகியவர், நாலைந்து பந்துக்குள் ஆட்டத்தை முடிக்கும் அளவுக்கு மட்டையை வீசத் தெரிந்தவர். யாருக்கு எதிராக யாரை இறக்குவது என்பதைத்தான் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் ‘மேட்ச்-அப்’ என்கிறார்கள். ரசிகர்கள் அந்தச் சொல் வருவதற்கு முன்பிருந்தே அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே கேள்வியை எதிரணிப் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். மும்பை இந்தியன்ஸ் கேப்டன் ரோகித் சர்மாவும் ஷர்துல் தாக்கூரும் மும்பையில் ஒரே பயிற்சியாளரிடம், தினேஷ் லாடிடம், வளர்ந்தவர்கள். ஷர்துல் தூக்கி அடிக்கத்தான் பார்ப்பார் என்பது தனக்குத் தெரியும், அதனால்தான் மெதுவான பந்தை வீசச் சொன்னோம் என்று ரோகித் பின்னாளில் சொன்னார். ஆக, அந்தக் கடைசிப் பந்தில் மோதியது மலிங்காவும் ஷர்துலும் மட்டுமல்ல. தன் பயிற்சியாளரிடமே வளர்ந்தவர் எப்படி ஆடுவார் என்று அறிந்த ஒரு கேப்டனும் அங்கே இருந்தார். சென்னை தன் ஆளை அனுப்பியபோது, அந்த ஆளை நன்றாகப் படித்து வைத்திருந்தவர் எதிர்ப்பக்கம் நின்றார். இதைக் கணக்கில் எடுத்தால் ஹர்பஜன் கட்சிக்கு வலு கூடத்தான் செய்கிறது.

ஆனால் தோல்விக்குக் காரணம் அங்கே இல்லை. ரசிகர்களின் ஆய்வு எப்போதும் வழுக்கும் இடம் இதுதான். கண்ணெதிரே உடைந்த இடத்தையே விரிசல் விட்ட இடம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு பழைய புகாரைத் தீர்த்துவிடலாம். அந்த இறுதிப்போட்டி சென்னையில் நடந்திருக்க வேண்டியது. சேப்பாக்கத்தில் பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே பார்வையாளர் மாடங்களைத் திறக்க அனுமதி கிடைக்காததால் ஆட்டம் ஐதராபாத்துக்குப் போனது. சொந்த மண்ணாக இருந்தால் ஜெயித்திருப்போம் என்பது அன்றிலிருந்து இன்றுவரை ஓயாத பேச்சு. அந்த சீசனில் மும்பையுடன் சென்னை சேப்பாக்கத்தில் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஏப்ரல் 26 அன்று அங்கே 109 ரன்னுக்கு ஆல் அவுட். தோனி அன்று ஆடவில்லை என்பது உண்மைதான். மே 7 அன்று நடந்த தகுதிச் சுற்றில் தோனி இருந்தார். அன்றும் சென்னை எடுத்தது 131 ரன்தான். சூர்யகுமார் யாதவ் ஆட்டமிழக்காமல் 71 ரன் எடுத்து, ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஆட்டத்தை முடித்துவைத்தார். ஹர்பஜன், இம்ரான் தாஹிர், ஜடேஜா என்று மூன்று சுழல்பந்து வீச்சாளர்களை வைத்துக்கொண்டு, சுழலுக்குத் துணைபோகும் சொந்த ஆடுகளத்தில் கண்ட தோல்வி அது. மும்பையிலும் ஒரு தோல்வியைச் சேர்த்தால் இறுதிப்போட்டிக்கு முன்பே மூன்று. ஒரே அணியிடம் மூன்று முறை தோற்றுவிட்டு நான்காவது முறை போகிறவர்கள் மைதானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தோனியின் ரன் அவுட்டும் அப்படித்தான். தவறிப்போன எறிதலில் இரண்டாவது ரன்னுக்கு ஓடியபோது இஷான் கிஷன் நேராக ஸ்டம்பைத் தாக்கினார். மூன்றாவது நடுவர் வெவ்வேறு கோணங்களில் பார்த்துவிட்டு அவுட் கொடுத்தார். அந்தப் படத்தை உறைய வைத்து, மட்டை கோட்டின் மீதா உள்ளேயா என்று அளந்தவர்கள் இந்த மலையிலும் உண்டு. அளந்து சொல்லும் அளவுக்குக் கேமராவில் தெளிவு இல்லை என்பதே நேர்மையான பதில். ஆட்டமிழக்கும்போது தோனி எடுத்திருந்தது எட்டுப் பந்தில் இரண்டு ரன்.

இனி எவரும் நினைவில் வைத்துக்கொள்ளாத அந்தப் பகுதிக்கு வரலாம். மும்பைத் தரப்பில் ஜஸ்பிரித் பும்ரா நான்கு ஓவர் வீசி 14 ரன் கொடுத்தார், இரண்டு விக்கெட் எடுத்தார். ராகுல் சாஹரும் நான்கு ஓவர், அதே 14 ரன், ஒரு விக்கெட். இருவரும் சேர்ந்து எட்டு ஓவரில் 28 ரன். மற்ற பந்துவீச்சாளர்கள் வீசிய பன்னிரண்டு ஓவரில் போனது 115. ஓவருக்கு மூன்றரை ஒரு பக்கம், ஒன்பதரைக்கு மேல் மறுபக்கம். அன்று ஷேன் வாட்சன் 59 பந்தில் 80 ரன் அடித்தும், மலிங்காவின் ஒரு ஓவரில் 20, க்ருணால் பாண்ட்யாவின் ஒரு ஓவரில் 20 என்று அணி வாரிக் குவித்தும் ஒரு ரன் குறைந்தது ஏன் என்பதற்கான விடை இந்த எட்டு ஓவரில்தான் இருக்கிறது.

பும்ராவை விட்டுப் பிடிப்பது என்று சென்னை முடிவெடுத்திருந்தால் அதில் தப்பில்லை. அந்த ஆண்டு அவரை அடித்து ஆட உலகில் ஆட்டக்காரர்கள் குறைவு. பும்ராவைப் பொறுத்துக்கொண்டு மற்றவர்களை அடிப்பது என்பது நியாயமான திட்டம்தான். ஆனால் அந்தத் திட்டம் ஒரு பந்துவீச்சாளருக்கு மட்டும்தான் செல்லும். இரண்டு பேரைப் பொறுத்துக்கொண்டால் இருபது ஓவர் ஆட்டம் பன்னிரண்டு ஓவராகச் சுருங்கிவிடும். சென்னைக்கு நடந்தது அதுதான். பதினைந்து ஓவர் முடிவில் நான்கு விக்கெட்டுக்கு 88. மீதி முப்பது பந்தில் 62 தேவை. அதிலும் இரண்டு ஓவர் பும்ராவின் கையில்.

அந்த இரண்டாமவர், பத்தொன்பது வயது ராகுல் சாஹர், எதிர்பாராத ஆள் அல்ல. ஐந்து நாளுக்கு முன்னால் சேப்பாக்கத்தில் அவர் டூ பிளெஸ்ஸியையும் முரளி விஜய்யையும் வீழ்த்தியிருந்தார். அன்றும் நான்கு ஓவர், 14 ரன். ஆக, சென்னைக்கு எதிராக அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் எட்டு ஓவரில் அவர் கொடுத்தது 28 ரன் மட்டுமே. இதற்கு இறுதிப்போட்டியில் சென்னை வைத்திருந்த விடை சுரேஷ் ரெய்னா. காகிதத்தில் அது சரியான விடை. லெக் ஸ்பின்னரின் பந்து இடதுகை ஆட்டக்காரருக்கு உள்நோக்கித் திரும்பும். பந்து திரும்பும் திசையிலேயே லெக் பக்கம் தூக்கலாம். ஆனால் சாஹர் வழக்கமான லெக் ஸ்பின்னர்களைவிட வேகமாக, தட்டையாக வீசுபவர். அந்த வேகத்தில் உள்ளே வரும் பந்து, தூக்க இடம் தராமல் காலில் படும். ரெய்னா 14 பந்தில் எட்டு ரன் எடுத்து சாஹரிடம் எல்.பி.டபிள்யூ ஆனார். இடதுகைக்கு லெக் ஸ்பின் தோது என்ற பொது விதியை நம்பி, இந்த லெக் ஸ்பின்னர் எப்படிப்பட்டவர் என்ற தனிக் குறிப்பை விட்டுவிட்டார்கள். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் தீபக் சாஹர் சென்னையின் மஞ்சள் சட்டையில் இருந்தார் என்பதுதான் இதில் மனத்தை உறுத்தும் சங்கதி. ராகுலின் கையை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஓய்வறையில் யாரும் இருந்திருக்க முடியாது. தீபக்கே அன்று ராகுலை ரன் எதுவும் எடுக்கவிடாமல் வெளியேற்றினார்.

பந்து வீசியபோதும் ஒரு கணக்கு விடுபட்டது. அந்த சீசனில் 26 விக்கெட்டோடு ஊதா நிறத் தொப்பியை வென்றவர் இம்ரான் தாஹிர். இறுதிப்போட்டியில் சூர்யகுமாரையும் இஷான் கிஷனையும் அவர்தான் எடுத்தார். ஆனாலும் மூன்று ஓவரோடு நிறுத்தப்பட்டார். ஜடேஜாவுக்கு இரண்டு ஓவர்தான். ஷர்துலும் பிராவோவும் சேர்ந்து ஏழு ஓவரில் 61 ரன் கொடுத்தார்கள். மறுமுனையில் 25 பந்தில் 41 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றவர் கைரன் பொல்லார்ட். தாஹிரின் நாலாவது ஓவரைப் பொல்லார்டுக்குக் கொடுத்திருந்தால் அது மூன்று சிக்சராகவும் போயிருக்கலாம், விக்கெட்டாகவும் ஆகியிருக்கலாம். ஒரு ரன்னில் தோற்ற ஆட்டத்தில் அந்தப் பணயத்தை வைத்திருக்கலாம் என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது.

ஏனென்றால் பொல்லார்டுக்கு ஒரு காலத்தில் சென்னை விடை வைத்திருந்தது. 2010 இறுதிப்போட்டியில் பத்துப் பந்தில் 27 எடுத்து ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போனவரை, அல்பி மார்க்கெல் பந்தில் வெளியேற்றினார்கள். அதற்காக தோனி, வழக்கமாக யாரும் நிற்காத இடத்தில், பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் என்று சொல்லத்தக்க மிட் ஆஃபில் மேத்யூ ஹேடனை நிறுத்தினார். பந்து அங்கேயே போனது. சென்னை 22 ரன்னில் வென்றது. அதன் பிறகு இந்த இரு அணிகளும் இறுதிப்போட்டியில் மோதிய 2013, 2015, 2019 ஆகிய மூன்று முறையும் மும்பைதான் ஜெயித்தது. 2013இல் ஆட்டமிழக்காமல் 60 ரன் எடுத்தவரும் அதே பொல்லார்ட்தான்.

இந்த வகைக் கணக்கு ஜவ்வாது மலைப் பையன்களுக்குப் புதிதில்லை. மலையில் சமதளமாக ஒரு திடல் கிடைப்பதே அரிது. சாமை அறுத்த நிலத்திலோ பள்ளிக்கூடத்து வெளியிலோ டென்னிஸ் பந்தில் ஆடுகிறவர்களுக்கு எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் மேடு என்பது பந்துவீச்சை முடிவு செய்யும். பள்ளத்துப் பக்கம் அடித்தால் பந்து உருண்டுகொண்டே போகும், மேட்டுப் பக்கம் அடித்தால் நின்றுவிடும். இடதுகை ஆட்டக்காரன் வந்தால் பக்கம் மாறுகிறது. எனவே பந்து வீசுகிற ஆளும் மாறுகிறான். நெல்லிவாசலிலும் நம்மியம்பட்டிலும் ஒரு கேப்டன் கண்ணாலேயே செய்யும் இந்த வேலையைத்தான் ஐபிஎல் அணிகள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர்களை வைத்துச் செய்கின்றன. டீக்கடைப் பேச்சு என்று இதை ஒதுக்குகிறவர்கள், ரெய்னாவுக்கு நேர்ந்ததை அந்த ஆய்வாளர்களும் தடுக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மலைப் பையன்களிடம் இல்லாதது ஒன்றுதான்: எழுதி வைக்கும் பழக்கம். ஊர்ப் போட்டிகளில் ஸ்கோர் போடுகிற பையன் மொத்த ரன்னை எழுதுகிறான், விக்கெட்டை எழுதுகிறான். யார் வீச யார் எத்தனை பந்து ஆடினார் என்பதை எழுதுவதில்லை. அது இல்லாததால்தான் அடுத்த வருடம் அதே அணி, அதே பந்துவீச்சாளர், அதே தோல்வி. மலையிலிருந்து கீழே இறங்கி முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் போளூர், திருப்பத்தூர் அணிகளோடு மோதப்போகும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கபடியானாலும் கூடைப்பந்தானாலும் இது பொருந்தும். கபடியில் எதிரணியின் ரைடர் எந்தக் காலை முதலில் நீட்டுகிறான், கூடைப்பந்தில் எதிராளி கூடையை நோக்கி எந்தக் கையால் புகுகிறான் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்க உடற்கல்வி ஆசிரியருக்குக் காசு செலவில்லை. வசதி குறைந்த அணிக்கு, வசதியான அணியோடு சமமாக நிற்கக் கிடைக்கும் மலிவான வழி இது.

மீண்டும் ஐபிஎல்லுக்கு வருவோம். 2019 இறுதிப்போட்டிக்கு அடுத்த ஆண்டு சென்னையின் பதில் வந்தது. 2020 செப்டம்பர் 19, அபுதாபி, சீசனின் முதல் ஆட்டம். 163 என்ற இலக்கைத் துரத்தியபோது அம்பதி ராயுடு 71, டூ பிளெஸ்ஸி ஆட்டமிழக்காமல் 58. ராகுல் சாஹரின் நான்கு ஓவரில் 36 ரன், பும்ராவின் நான்கு ஓவரில் 43. கடைசிக் கட்டத்தில் தோனி தனக்கு முன்பாக இடதுகை ஆட்டக்காரர்களான ஜடேஜாவையும் சாம் கரனையும் அனுப்பினார். அந்த நேரத்தில் இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர் க்ருணால் வீசிக்கொண்டிருந்தார். கரன் ஆறு பந்தில் 18 ரன். சென்னை ஐந்து விக்கெட்டில் வென்றது. முந்தைய இறுதிப்போட்டியில் ஓவருக்கு மூன்றரை மட்டும் கொடுத்த இருவரிடமும் இம்முறை ரன் வந்தது. அந்த சீசனில் ரெய்னா ஆடவில்லை. ஆகவே சாஹருக்கு எதிரே ரெய்னா என்ற கணக்கு அப்போது தீரவில்லை.

பொல்லார்ட் கணக்கும் தீரவில்லை. 2021 மே 1 அன்று டெல்லியில் சென்னை 218 ரன் குவித்தது. பொல்லார்ட் 34 பந்தில் ஆட்டமிழக்காமல் 87 அடித்து, கடைசிப் பந்தில் மும்பையை ஜெயிக்க வைத்தார். 2010இல் ஹேடனை நிறுத்தியதைப் போன்ற ஒரு விடை அன்று சென்னையிடம் இல்லை.