எந்த அப்பியாசம் மேல்?

ஆவடியில் வசிக்கும் நம் தமக்கையாருக்கு ஐந்து வருஷமாக உடம்பெல்லாம் வலி. தோளை விட்டால் இடுப்பு. இடுப்பை விட்டால் முழங்கால். இரவெல்லாம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இராது. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தன. அதுவே வினையாயிற்று! வீட்டார் அவருடைய வலிக்குச் 'சோம்பல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அந்தக் கோஷ்டியில் இருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். வயிற்றுவலி என்னும் பையனை நம்பாத உபாத்தியாயர் புத்தி நம்மை விடவில்லை.

சென்ற வருஷம் ஒரு வைத்தியர் வியாதியின் பெயரைச் சொன்னார்: பைப்ரோமயால்ஜியா. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலம், மெல்லிய ஓசையையும் பேரிரைச்சலாக்கும் ஒலிபெருக்கியைப் போல ஆகிவிடுகிறதாம். பரிசோதனையில் தெரியாததனால் வலி பொய்யாகிவிடாது. பெண்களையே இது அதிகமாகப் பிடிக்கிறது.

"தேகாப்பியாசம் செய்யுங்கள்" என்றார் வைத்தியர். வீட்டில் உடனே சர்ச்சை ஆரம்பமாயிற்று. நடை என்றார் அத்திம்பேர். யோகாசனம் என்றார் அவருடைய தாயார். எடை தூக்க வேண்டும் என்றான் பிள்ளை.

மேனாட்டு வைத்தியர்களும் இந்தச் சர்ச்சையை நடத்தியிருக்கிறார்கள். ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் 2016-ல் வெளியிட்ட யோசனைகளில், உறுதியாகச் சிபார்சு பெற்றது தேகாப்பியாசம் ஒன்றே. மருந்துகளுக்குக்கூட அந்த மரியாதை கிட்டவில்லை. ஆனால் நடை போன்று மூச்சு வாங்கச் செய்யும் பயிற்சியா, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியா என்றால், ஒன்று மற்றொன்றைவிட மேல் என்பதற்கு ஆதாரமில்லை என்று விட்டார்கள். வெந்நீர்த் தடாகத்தில் செய்யும் பயிற்சியும் நல்லதுதான். தடாகத்துக்கு நாம் எங்கே போவது?

பாஸ்டன் நகரில் 226 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2018-ல் வெளியாயிற்று. சீன தேசத்துத் 'தாய்ச்சி' என்னும் நிதானமான பயிற்சியைச் செய்தவர்கள், மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர்களைவிட 24 வாரங்களில் அதிகக் குணம் கண்டார்கள். அவர்கள் வகுப்புக்கும் அதிகமாக வந்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம். விடாமல் செய்யக்கூடியதே உத்தமமான அப்பியாசம் என்று நமக்குத் தோன்றுகிறது.

தமக்கையார் முதல் நாள் உற்சாகத்தில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வெகுதூரம் நடந்துவிட்டு, மூன்று நாள் படுத்துவிட்டார். பிறகு பத்து நிமிஷத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் கூட்டினார். வலி குறைந்த நாளில் பாய்வதில்லை. மிகுந்த நாளில் அடியோடு நிறுத்துவதுமில்லை. இப்போது அரை மணி நடக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறார். வலி போய்விட்டதா? இல்லை. ஆனால் தூக்கம் வந்திருக்கிறது. பேச்சில் பழைய சிரிப்பும் வந்திருக்கிறது.

அந்த அரை மணிக்கு ஒரு விலை உண்டு. அப்போது அடுப்பங்கரையில் வேறு யாராவது நிற்க வேண்டும். காலைக் காப்பியை இப்போது அத்திம்பேர் போடுகிறார். காப்பி சுமார்தான், அதைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நேயர்கள் வீட்டிலும் இத்தகைய வலிக்காரர் இருக்கலாம். எந்த அப்பியாசம் மேல் என்று வாதிப்பதற்கு முன், அவர் சொல்வதை நம்புங்கள். தினம் அரை மணியை அவருக்கு விட்டுக்கொடுங்கள். மற்றதை வைத்தியரைக் கலந்து அவரே பார்த்துக்கொள்வார்.