தேளும் இரு சான்றுகளும்

கள்ளக்குறிச்சியினின்று கல்வராயன் மலைக்கு ஏறுவோர் மேகம் அருவியைக் காண ஏறுவரேயன்றிக் கல்லைப் புரட்டித் தேளைக் காண ஏறுவாரல்லர். எங்கள் ஊர்ப்புறத்தில் தேளைக் கண்டவிடத்துச் செருப்பெடுப்பதே வழக்கம்; யானும் எடுத்தவனே. அடிக்குமுன் அஃது எவ்வினத்ததென்று வினவினாரில்லை. செந்தேள், கருந்தேள், நட்டுவாக்காலி என நம்மவர் இட்ட பெயர்கள் நிறமும் உருவும் பற்றியவை. அச்சத்துக்கு அவை போதும், அறிவுக்குப் போதா.

தேளிடத்து நிறம் பெரிதும் ஏமாற்றும். தோலுரித்த தேள் வெளிறித் தோன்றிப் பின்னர்க் கறுக்கும். பல இனங்களில் ஆணின் வால் பெண்ணின் வாலினும் நீண்டிருக்கும். ஆதலின் ஆய்வோர் வேறு உறுப்புக்களை நோக்குவர். வயிற்றின்கீழ் உள்ள சீப்புப்போன்ற உறுப்பிற் பற்கள் எத்தனை, இடுக்கிக் கையின் நீளம் அகலங்கள் யாவை, அதன்மேல் நுண்மயிர்கள் எவ்வெவ்விடத்து நிற்கின்றன, வாற்கணுக்களின் விளிம்பு மணிமணியாக உள்ளதா வழுவழுப்பானதா என எண்ணியும் அளந்தும் எழுதுவர். இரவிற் புறவூதா விளக்கேந்திச் செல்லின் தேள் நீலப்பச்சையாய் ஒளிரும். தேடுவார்க்கு இயற்கை செய்த பேருதவி அது.

இவ்வளவு செய்தும் ஐயம் எஞ்சுமிடத்து மரபணு துணைவருகின்றது. காலிற் சிறிது தசையெடுத்து, மரபணு ஒன்றின் ஏறத்தாழ 650 எழுத்துக்களைப் படித்து, ஏனைத் தேள்களின் எழுத்துக்களோடு ஒப்பிடுவர். தமிழ் மாணவராகிய நமக்கு இது முற்றும் புதிதன்று. ஒரே பிழை இரண்டு சுவடிகளிற் காணின் அவை ஒரு தாயேட்டின் வழிவந்தன என்று கொள்கிறோமல்லவா? 2020-இல் மகாராட்டிரத்து மேற்கு மலைத்தொடரில், பார்வைக்கு எளிதிற் பிரித்தறியவொண்ணாத ஐசோமெட்ரசுத் தேள்கள் இரண்டு, இவ்விரு சான்றுகளாலும் புதியனவென நிறுவப்பெற்று, அம்போலி, தாம்ஹினி என்னும் தம் ஊர்ப்பெயர்களையே பெற்றன.

மரபணு வந்தபின் உறுப்பாராய்ச்சி எதற்கு என்பாருளர். யான் உடன்படேன். 1798-இல் டென்மார்க்கு நாட்டுப் பாப்ரீசியசு நம் செந்தேளுக்குத் தமிழின் பெயரால் 'தாமுலசு' என்று பெயரிட்டபோது உடலைக் கண்டே எழுதினார். அதன் பேரினப்பெயர் பின்னர்ப் பன்முறை மாறிற்று, 'தாமுலசு' மாறவில்லை. பழம்பெயர்கள் பலவும் அத்தகையனவே. பழையதை உறுப்பால் அறியாதான், தான் கண்டது புதியதென எங்ஙனம் துணிவான்?

இது பெயர்ச்சண்டையுமன்று. நம் நாட்டில் ஆக்கப்பெறும் தேள்விட முறிமருந்து இச்செந்தேளின் நஞ்சைக் கொண்டே ஆக்கப்படுகின்றது. கொட்டியது வேறினமாயின் அம்மருந்து எத்துணைப் பயன்படும் என்பது உயிரைப் பற்றிய வினா.

கல்வராயன் கிழக்கு மலைத்தொடரைச் சேர்ந்தது. சமவெளிக்கிடையே தீவுபோல் நிற்பது. நெடுந்தூரம் செல்லாத தேள் இத்தகைய மலையிற் பிரிந்து தனியினமாதற்கு இடமுண்டு. விலங்கியல் மாணவரும் நாமும் வனத்துறையின் இசைவு பெற்று ஒருமுறை சேர்ந்து ஏறுதல் வேண்டும். எக்கல்லின் அடியில் எது உறையுமென அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரைக் கேட்டு, அவர்கள் தேளுக்கு வழங்கும் பெயர்களையும் நாம் எழுதிக்கொள்ளலாம். செருப்பு காலில் இருக்கட்டும்; கையில் வேண்டா.