"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க"

இந்த ஜனவரியில் டெக்சாஸிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். கல்லூரியில் முதலாம் ஆண்டு. "மாமா, ஒரு ஃப்ரெட்டர்னிட்டியில சேரப்போறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். ஏன்டா என்று கேட்டால், "அம்மா சினிமால பார்த்ததைத்தான் நம்புவாங்க" என்கிறான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எம்.எஸ். படிக்க இங்கே வந்தபோது, வாசலில் கிரேக்க எழுத்து மாட்டிய அந்த வீடுகளை எனக்கும் திரையில்தான் தெரியும். 1978-ல் வந்த 'அனிமல் ஹவுஸ்' தொடங்கி 2014-ன் 'நெய்பர்ஸ்' வரை பீர், கூச்சல், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சு. பெண்களின் சொராரிட்டி என்றால் பொன்னிறக் கூந்தலும் இளஞ்சிவப்பு உடையும். 2021-ல் அலபாமா பல்கலைக்கழகப் பெண்கள் சேர்க்கை வாரத்து உடைகளை டிக்டாக்கில் காட்ட, நாடே உட்கார்ந்து பார்த்தது. நானும் பார்த்தேன்.

இந்தப் படத்தில் வராதவர்கள் நிறைய. கறுப்பின மாணவர்கள் 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் மார்ட்டின் லூதர் கிங் உறுப்பினர். கமலா ஹாரிஸ் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் உறுப்பினர். அவர் ஜெயிக்கணும் என்று துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததை நம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் பகிர்ந்தன; அவருக்காக ஓடியாடி வேலை செய்த அந்தச் சகோதரிகள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1990-களிலிருந்தே தெற்காசிய மாணவர்களுக்கென்று ஃப்ரெட்டர்னிட்டிகள் இருக்கின்றன. அக்கா மகன் மாதிரிப் பிள்ளைகள் அங்கே தேடுவது பீரை இல்லை, கூட உட்கார்ந்து சாப்பிட நாலு பேரை.

அப்படியானால் எல்லாம் சினிமாக்காரன் கட்டிய கதையா? அதுவும் இல்லை. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், சேர்ந்த முதல் இரவே 19 வயது மாணவன் ஒருவனுக்கு அடுத்தடுத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். மாடிப்படியில் விழுந்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பையன் பிழைக்கவில்லை. மதுவே கூடாது என்று விதி இருந்த வீடு அது.

சினிமா மேல் என் கோபம் இங்கேதான். குடியை அது மிகைப்படுத்தியது. கொடுமையை காமெடி ஆக்கிவிட்டது. 'அனிமல் ஹவுஸில்' புதுப் பையன்களைக் கட்டையால் அடிக்கும் காட்சிக்குத் தியேட்டரே சிரித்தது. பத்திரிகைகளும் ஒருமுறை சறுக்கின. வர்ஜீனியா பல்கலைக்கழக ஃப்ரெட்டர்னிட்டி பற்றி 2014-ல் எழுதிய பெரிய கட்டுரையை 'ரோலிங் ஸ்டோன்' அடுத்த வருடமே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. "பார்த்தீங்களா, எல்லாம் அவதூறு" என்று சொல்ல அவர்களுக்கு அது போதுமே!

ஹேஸிங் என்றால் நமக்கு அகராதி வேண்டாம். ராகிங்தான். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்கு எதிராகச் சட்டமே வந்தது. நான் ஹாஸ்டலில் சேர்ந்தது அதற்குப் பல வருடம் கழித்து. அப்போதும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காயின் போனில் அப்பாவிடம் "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் சொன்னேன். ஒரு வித்தியாசம்: ராகிங் நம்மைத் தேடி வந்தது. இங்கே பையனே விரும்பிப் போகிறான், கட்டணமும் கட்டுகிறான். நடப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்பதையும் பெருமையாக ஏற்றுக்கொள்கிறான். அம்மாவிடம் முதல் நாளே மறைத்தவன், நடுராத்திரி பயந்துபோனால் யாரைக் கூப்பிடுவான்?

அதனால் சத்தியம் பண்ண மறுத்துவிட்டேன். "நீயே அம்மாகிட்ட சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, ஹேஸிங் செய்து பிடிபட்ட அமைப்புகளின் பெயரைப் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டாக வேண்டும். போனில் பேசிக்கொண்டே இருவரும் அந்தப் பட்டியலைத் திறந்தோம். அவன் சேர நினைத்ததன் பெயர் இல்லை. இன்னொன்றின் பெயர் இருந்தது. அவன் ரூம்மேட் போன செமஸ்டரில் சேர்ந்தது அதில்தானாம்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அவன் நல்லா இருக்கேன்னுதான் சொல்றான் மாமா" என்றான்.