ரயில் பெட்டிக்குள் உலகம்

'சர்வதேசத் தரம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய தொடக்கப்பள்ளிகளைக் காணுந்தோறும் நமக்கு டோமோயி நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவில் டால்குரோஸின் தாளப்பயிற்சியைக் கற்றுவந்த கோபயாஷி, 1937இல் டோக்கியோவில் தொடங்கிய பள்ளி அது. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். எந்தப் பாடத்தை முதலில் தொடங்குவதென்று குழந்தையே தீர்மானித்தது.

அமெரிக்கா பகைநாடென்று வெளியே முழங்கிய நாட்களில், அங்கே வளர்ந்து வந்த சிறுவனிடம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றனர்; அவனுக்கு ஜப்பானியம் கற்பித்தனர். 1945 குண்டுவீச்சில் பள்ளி எரிந்தது. டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்' நூலில் (1981) இதை வாசித்து நெகிழ்ந்த நாமேதான், தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளியின் வாசலில் விண்ணப்பத்துடன் நிற்கிறோம். கொடுக்கத் தன்மொழி இல்லாத குழந்தை உலகத்தோடு எதைப் பரிமாறிக்கொள்ளும்?